வலி மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

பாவு நூலில் ஒரு சிட்டம் குறைந்தாலும் நம் சங்கத்தில் கணக்குக் கேட்கிறோம். கரும்பு எடை போடும் இடத்தில் டன்னுக்கு எத்தனை கிலோ கழிவு பிடித்தார்கள் என்று வாதாடுகிறோம். உர மூட்டையின் விலையில் பத்து ரூபாய் ஏறினால் மகாசபையில் எழுந்து நின்று காரணம் கேட்கிறோம். இது நல்ல வழக்கம். கூட்டுறவின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து இரவு படுக்கும் வரையில் நம் வாய்க்குள் எத்தனை மாத்திரைகள் சென்றன, அவற்றில் என்ன மருந்து எவ்வளவு இருந்தது என்று கேட்டால், நம்மில் பதில் சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை நாம் இதுவரை எழுதவே இல்லை. அதை எழுதத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

எலவனாசூர்கோட்டையில் பேருந்து நிற்கும் இடத்தில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் நாம் சொல்வது விளங்கும். கரும்பு வெட்டுக்குப் போகிறவர், நடவுக்குப் போகிற பெண்கள், உளுந்தூர்பேட்டைப் பக்கமும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரும் தேநீரோடு இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டே வண்டி ஏறுகிறார்கள். இன்று வலி இருக்கிறது என்பதற்காக அன்று. இன்று வலிக்கப் போகிறது என்பதற்காக. தறிக்குழியில் காலை இறக்கும் நெசவாளரிடமும் இதே வழக்கம் புகுந்திருக்கிறது. மருந்துக் கடையிலோ, சில இடங்களில் பெட்டிக் கடையிலோ போய், ‘உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்’ என்று கேட்டால், நாலைந்து நிறங்களில் மாத்திரைகளைக் கத்தரித்துத் துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். அந்தக் காகிதத்தில் மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, கெடு தேதி இல்லை. பெயர் தெரியாத ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட நாம் துணிவோமா? பெயர் தெரியாத மாத்திரையை மட்டும் எப்படி விழுங்குகிறோம்?

வலி பொய் என்றோ, மாத்திரை பாவம் என்றோ நாம் சொல்ல வரவில்லை. நாள் முழுவதும் குழித்தறியில் குனிந்து உட்கார்ந்து, இரு கால்களால் மிதியை மாற்றி மாற்றி மிதித்து, கையால் நாடாவை இழுத்து அச்சை அடிக்கிறவரின் இடுப்பும் தோளும் வலிக்காமல் இருக்குமா? சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவரின் முதுகும், கட்டுக் கரும்பைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றுகிறவரின் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைத் தணிக்க மருந்து கண்டவர்கள் மனித குலத்துக்குப் பெரிய உதவியே செய்தார்கள். உரிய அளவில், உரிய நேரத்தில், உரியவர் உட்கொண்டால் அது மருந்து. அளவு மீறினால் அதே பொருள் நஞ்சு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருக்க வேண்டும்.

கடைகளில் எத்தனையோ பெயர்களில் விற்கப்படும் வலி மாத்திரைகளை நாம் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக் கொள்ளலாம். பாரசிட்டமால் என்பது ஒரு குடும்பம். ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக், அசிக்குளோபினாக், நிமிசுலைடு முதலியவை மற்றொரு குடும்பம். முதலாவது காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். அளவு மீறினால் அது ஈரலைத் தாக்கும். இரண்டாவது, வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் இரைப்பை, சிறுநீரகம், இதயம் ஆகிய மூன்றின் மேலும் அது கை வைக்கக் கூடியது. எந்தக் குடும்பத்து மாத்திரை நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் அளவைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

முதலில் பாரசிட்டமாலைப் பார்ப்போம். இது நம் நாட்டில் பெரும்பாலும் 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம் என்ற இரு அளவுகளில் கிடைக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒருவர் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு முன் குறைந்தது நான்கு மணி நேரம், கூடுமானால் ஆறு மணி நேரம், இடைவெளி விட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் மொத்தம் 4000 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது. 500 மாத்திரையானால் எட்டு. 650 மாத்திரையானால் ஆறு. இவை எல்லையே அன்றி இலக்கு அல்ல என்பது கவனிக்கத் தக்கது. எல்லை வரையில் போகலாம் என்பதற்காகப் போக வேண்டும் என்று பொருள் இல்லை. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த உடல் எடை உள்ளவர்கள், சரியாக உண்ணாமல் இளைத்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், நாள்தோறும் மது அருந்துகிறவர்கள் ஆகியோருக்கு இந்த எல்லை இன்னும் தாழ்வானது. சிலருக்குப் பாதியாகக் கூடக் குறையும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் உழைக்கும் பெண்களில் ஐம்பது கிலோவை எட்டாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வாக்கியத்தின் முக்கியத்துவம் புலப்படும்.

அளவு மீறினால் என்ன நேருகிறது? நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் பெரும் பகுதியை ஈரல் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அந்த நஞ்சைக் கட்டிப் போட ஈரலில் குளூட்டாதையோன் என்ற காவல் பொருள் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. இருப்பு இருக்கும் வரையில் ஆபத்து இல்லை. மாத்திரை மேல் மாத்திரை வந்து இருப்பைக் கரைத்துவிட்டால், கட்டப்படாத நஞ்சு ஈரலின் உயிரணுக்களையே கொல்லத் தொடங்கும். பட்டினியும் மதுவும் அந்த இருப்பை முன்னதாகவே குறைத்து வைத்துவிடுகின்றன. இதில் மிகவும் வஞ்சகமான அம்சம் ஒன்று உண்டு. அளவு மீறிய முதல் நாளில் வாந்தி, சோர்வு தவிரப் பெரிய அடையாளம் எதுவும் தெரியாமல் போகலாம். சிலருக்கு அதுவும் இராது. மஞ்சள் காமாலை தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதற்கு அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து மருத்துவமனைகளில் உண்டு; எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. ஆகவே பெரியவரோ குழந்தையோ அளவு மீறி விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காத்திராமல், 108க்குச் சொல்லி, மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக் கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

‘நாங்கள் என்ன எட்டு மாத்திரையா போடுகிறோம்?’ என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். இங்கேதான் கணக்குப் புத்தகம் வேண்டியிருக்கிறது. மழைக் காலத்தில் காய்ச்சல் கண்ட ஒருவர் 650 மாத்திரையை நாளைக்கு நான்கு வேளை உட்கொள்கிறார் என்று வைத்துக் கொள்வோம்: 2600 மில்லிகிராம். மூக்கு ஒழுகுகிறது என்று சளி மாத்திரை ஒன்றை மூன்று வேளை சேர்த்துக் கொள்கிறார். பல சளி மாத்திரைகளில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 1500. உடம்பு வலிக்கு என்று அசிக்குளோபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை இரண்டு. ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 325 வீதம் 650. கூட்டிப் பாருங்கள்: 4750 மில்லிகிராம். எல்லையைத் தாண்டி 750 மில்லிகிராம் பற்று எழுதியாகிவிட்டது. அவரைக் கேட்டால், ‘காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று’ என்று மூன்று மருந்து போட்டதாகவே சொல்வார். மூன்று பெயரில் ஒரே ஆள் கடன் வாங்கியதைப் போன்றது இது. அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்த்தால் அல்லாமல் இந்தப் பினாமிக் கணக்கு வெளிப்படாது.

இனி இரண்டாவது குடும்பம். இபுபுரோபென் மாத்திரையை டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் உட்கொள்வதானால் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் தாண்டக் கூடாது. அதாவது 400 மாத்திரை மூன்று. அதுவும் சாப்பாட்டுக்குப் பின், சில நாட்களுக்கு மட்டும். டைக்குளோபினாக் டாக்டரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டிய பட்டியலில் உள்ளது. டாக்டர்களே கூட நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை. அசிக்குளோபினாக் 100 மில்லிகிராம் காலையும் மாலையும், ஆக 200, என்பதே வழக்கமான எல்லை. இந்தக் குடும்பத்து மாத்திரைகளில் ஏதேனும் இரண்டை ஒரே நாளில் சேர்த்துப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறைவதில்லை, தீங்குதான் இரட்டிப்பாகிறது.

நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், பண்டிகைக் கால ஆர்டர் முடிய வேண்டும் என்று மாதக் கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ‘செட்’ போட்டுக் கொண்டே தறியில் உட்கார்ந்தார். வயிற்றில் எரிச்சல் வந்தபோது அதற்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக் கொண்டார். மலம் தார் போலக் கறுத்ததைப் பற்றி வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு நான்கு நாள் மறைத்துவிட்டார். ஐந்தாம் நாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவர் தலை சுற்றி விழுந்தார். இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். ஆர்டரும் முடியவில்லை, ஆறு வாரம் தறியும் நின்றது, மருந்துச் செலவுக்கு மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அவர் சேமித்ததாக எண்ணிய கூலி எங்கே போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். கறுத்த மலம், காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, மேல் வயிற்றில் ஓயாத வலி ஆகியவை இரைப்பை அனுப்பும் தந்திகள். அவை வந்தால் கூச்சம் வேண்டாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

விவசாயிகளுக்கு இன்னும் பெரிய கவலை சிறுநீரகத்தைப் பற்றியது. சிறுநீரகத்துக்குள் இரத்தம் செல்லும் குழாய்களைத் திறந்து வைக்கும் ஓர் இயற்கைப் பொருளை இந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. நீர் நிறைந்த உடம்பில் அது பெரிதாகத் தெரிவதில்லை. வெயிலில் வேர்த்து வற்றிய உடம்பிலோ சிறுநீரகம் ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்து திணறிக் கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையும் போய்க் குழாயை இறுக்குகிறது. சித்திரை வெயிலில் கரும்பு வெட்டும் ஒருவர் தண்ணீர் குடிக்க நேரமின்றி மாத்திரையை மட்டும் விழுங்குவது இதனால்தான் அபாயமானது. ஆந்திர மாநிலம் சிரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும், மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத உழைப்பாளிகள் பல்லாயிரக் கணக்கில் சிறுநீரகம் கெட்டு வாடியதை உலகம் அறியும். அந்நோயின் மூல காரணம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆயினும் வெயிலில் உடம்பு வற்றுவதும், அதோடு வலி மாத்திரை சேருவதும் கெடுதலை வளர்க்கக் கூடியவை என்ற ஐயம் வலுவாக இருக்கிறது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்கள் சிலவற்றில் ‘நீர், ஓய்வு, நிழல்’ என்ற மூன்றையும் முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது வெட்டு ஆட்களின் சிறுநீரகத்துக்கு ஏற்படும் சேதம் குறைந்ததாக ஆய்ந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய இரண்டு இடங்களில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை வைத்திருக்கும் இந்த மாவட்டத்துக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.

கழுகுகளின் கதையையும் இங்கே நினைவுகூரலாம். வலிக்காக மாட்டுக்கு டைக்குளோபினாக் ஊசி போட்டார்கள். இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. முன்னாளில் இந்தியா முழுவதும் கோடிக் கணக்கில் இருந்த அப்பறவைகள் பத்திருபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற நிலைக்கு வந்தன. காரணம் 2004ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் மாட்டு வைத்தியத்துக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015ஆம் ஆண்டில் ஒரு குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேற்படக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. கழுகின் உடம்பும் மனிதனின் உடம்பும் ஒன்றல்ல. கழுகுக்கு அது கொடிய விஷம், நமக்கு அளவோடு மருந்து. ஆனால் ஒரு மருந்தை யார் உண்கிறார், அவர் உடம்பு அதை எப்படித் தாங்குகிறது என்று பாராமல் பரப்பினால் என்ன நேரும் என்பதற்கு வானமே சாட்சியாக வெறிச்சோடி நிற்கிறது.

யாருக்கு இந்த இரண்டாவது குடும்பம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நெஞ்சு நோய் கண்டவர்கள், முன்பு இரைப்பைப் புண் வந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. எனலாபிரில், லோசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதலாகிவிடும். கருவுற்ற பெண்கள் ஐந்தாம் மாதத்திலிருந்து இதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கு முன்னும் டாக்டர் சொன்னால் ஒழியக் கூடாது. ஆஸ்பிரினைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காய்ச்சலுக்காகக் கொடுக்கக் கூடாது. டெங்கு என்ற சந்தேகம் உள்ள எந்தக் காய்ச்சலிலும் ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் எதுவும் வேண்டாம். அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பாரசிட்டமால் ஒன்றே போதும்.

குழந்தைகளின் கணக்கு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு. நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமே உச்ச அளவு. ஆனால் கடையில் கிடைக்கும் திரவ மருந்துகளில் ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராமும் மற்றொன்றில் 250 மில்லிகிராமும் இருக்கும். புட்டியின் நிறம் ஒன்றாக இருப்பதால், ‘சென்ற முறை ஒரு மூடி கொடுத்தோம்’ என்று இம்முறையும் கொடுத்தால் அளவு இரட்டித்துவிடும். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் குத்துமதிப்பாகக் கொடுப்பதும் தவறு. நிமிசுலைடு என்ற மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதை அரசாங்கம் 2011ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது என்பதைத் தாய்மார்கள் அறிய வேண்டும்.

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக் கொள்ளாதா என்று சிலர் கேட்பார்கள். சட்டம் உண்டு. ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் பாரசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இன்றியே விற்க 1945ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அதுவும் உற்பத்தியாளர் கட்டிய உறை பிரிக்கப்படாமல் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. டைக்குளோபினாக் முதலியவற்றுக்குச் சீட்டு வேண்டும். தீங்கு தெரிந்தபோது மருந்துகளை விலக்கியதும் உண்டு. உலகெங்கும் பல இலட்சம் பேர் உட்கொண்ட ரோபிகாக்சிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பை அதிகப்படுத்துகிறது என்று தெரிந்து 2004ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கடையில் பாரசிட்டமால் அட்டை ஒன்றுக்குப் பதினாறு மாத்திரை, மருந்துக் கடையில் முப்பத்திரண்டு என்று எல்லை கட்டினார்கள். அதன் பிறகு அம்மருந்தால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் நம் பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக் கடை வரையில் வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கச் சட்டத்துக்குக் கால் இல்லை. அந்த இடத்தில் நிற்கக் கூடியது நம் சங்கம் ஒன்றே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ‘மாத்திரை போடாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் கூலி இல்லை, உங்கள் கட்டுரை என் அடுப்பை எரிக்குமா?’ என்று ஒரு நெசவாளர் கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. அவர் கேட்பது நியாயம். ஆனால் அந்த நியாயமே நம் வாதத்துக்கும் அடிப்படை. வட்டிக் கடைக்காரரிடம் அவசரத்துக்கு வாங்கிய கடன் அன்றைய பசியைத் தீர்த்து, பிறகு நிலத்தையே கேட்டது. அதைக் கண்டுதானே நம் முன்னோர் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள்? தினமும் விழுங்கும் மாத்திரையும் அத்தகைய கந்துவட்டியே. இன்றைய எட்டு மணி நேர உழைப்பைத் தந்துவிட்டு, நாளைய சிறுநீரகத்தை ஈடாகக் கேட்கிறது. தலைவலிக்கு மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து மாத்திரை போடுகிறவர்களுக்கு அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்குகிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. கடனை அடைக்கக் கடன் வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமா? ஆகவே கடன்காரரைத் திட்டிப் பயனில்லை. நியாய வட்டிக்கு மாற்று வழி காட்டுவதே சங்கத்தின் கடமை.

அதற்கான வழிகள் சில நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழகத்தில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்து வைக்கப்பட்டபோது, அவற்றுள் ஒரு பெரும் பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்றன. அதற்கு முன்பிருந்தே கூட்டுறவு மருந்துக் கடைகள் நம் மாநிலத்தில் இயங்கியவை. மருந்தை மலிவாகத் தருவது பாதிப் பணி. அளவைச் சொல்லித் தருவது மறுபாதி. சங்கத்தின் பெயர் தாங்கிய எந்தக் கடையிலும் பெயரில்லாத ‘செட்’ விற்கப்படாது என்று நாம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு வலி மாத்திரை உறையின் மேலும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு உச்சம் எத்தனை, எத்தனை நாளுக்கு மேல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற ஐந்தையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். அச்சுக் கூலி எவ்வளவு ஆகிவிடும்? ஒரு மகாசபைக்கு நாம் அச்சிடும் அழைப்பிதழின் செலவு கூட ஆகாது.

இரண்டாவதாக, நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகியவற்றைச் சோதிக்கச் சங்கக் கட்டடத்தில் முகாம் நடத்த வேண்டும். 2022 முதல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிர்வாகக் குழு முறையாகக் கடிதம் எழுதிக் கேட்டால் உதவி கிடைக்கும் என்றே நம்புகிறோம். கல்வராயன் மலையில் உள்ள நம் அங்கத்தினர்களையும் இதில் மறக்கக் கூடாது. டாக்டர் தூரமாக இருக்கும் இடத்தில்தான் பெட்டிக் கடை மாத்திரை நெருக்கமாகிறது.

மூன்றாவதாக, வலியின் வேரையே பார்க்க வேண்டும். தறிக்குழியின் ஆழத்தையும் உட்காரும் பலகையின் உயரத்தையும் அவரவர் உடம்புக்கு ஏற்பத் திருத்திக் கொடுக்க ஒரு தச்சரின் அரை நாள் வேலை போதும். மணிக்கு ஒரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பது, இடுப்பை நிமிர்த்தும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம் ஆகியவை இலவசம். கரும்பு வெட்டும் வயலில் குடிநீர்க் குடமும் நிழல் பந்தலும் வைக்க வேண்டியது வெட்டுக்கு விடுகிறவரின் பொறுப்பு என்று நாமே எழுதி வைத்துக் கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வலியால் ஒரு வாரம் ஓய்ந்திருக்க வேண்டிய அங்கத்தினருக்கு அடுப்பு அணையாமல் பார்த்துக் கொள்ள, இலாபத்திலிருந்து ஒரு சிறு உதவி நிதி ஒதுக்க முடியுமா என்று வருகிற மகாசபையில் விவாதிக்க வேண்டும். அந்த நிதி இல்லாத வரையில் நம் அறிவுரை பாதி அறிவுரையே என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

சங்கம் செய்யும் வரையில் வீடு காத்திருக்க வேண்டியதில்லை. இன்று முதலே ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியின் ஓரத்தில் மாத்திரையின் பெயரையும் போட்ட மணியையும் எழுதி வையுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்திருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். மதுவோடு வேண்டவே வேண்டாம். வேர்த்து நீர் வற்றிய வேளையில் தண்ணீர் குடித்து இளைப்பாறிய பிறகே மாத்திரையைப் பற்றி யோசியுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், வலி பத்து நாளைத் தாண்டினால், அது மாத்திரை தீர்க்க வேண்டிய வழக்கு அல்ல. டாக்டர் தீர்க்க வேண்டிய வழக்கு. மாத்திரை அட்டையைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்டது என்பதற்காக அவருடைய மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். அவருடைய சிறுநீரகத்தைக் கடன் வாங்க முடியாது அல்லவா?

ஒரு நூல் அறுந்தால் நெசவாளர் அந்த இடத்திலேயே நிறுத்தி முடி போட்டுவிட்டுத்தான் மேலே நெய்கிறார்; அறுந்தது தெரிந்தும் அடித்துக் கொண்டே போனால் துணி முழுவதும் குறையாகும் என்பது அவருக்குத் தெரியும். உடம்பு வலிக்கிறது என்பது அறுந்த நூல் காட்டும் அடையாளம். அதை மாத்திரையால் மூடி மறைத்துக் கொண்டு மேலே நெய்யலாமா என்று ஒவ்வோர் அங்கத்தினரும் தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியை வருகிற மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவினரை வேண்டிக் கொள்கிறோம்.